மச்சானுக்கு முழு ஓய்வு

ஓஸ்வால்தோ உறையைப் பிரித்து டாக்டர் சீட்டை வாசித்தார். 'இதயம் தாங்காது. ஓடக் கூடாது, மாடி ஏறக் கூடாது, சுமை தூக்கக் கூடாது. முழு ஓய்வு.' மேலே அவருடைய பெயர்தான் இருந்தது. ஈசிஜிக்குப் போய்ப் படுத்தது அவருடைய மச்சான் நெஸ்தோர்.

ஐம்பதைத் தாண்டியவர்களின் பந்தாட்டத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் கிளப் யாரையும் இறக்குவதில்லை. கோல்கீப்பர் ஓஸ்வால்தோவுக்கோ மூன்றாவது படியிலேயே மூச்சு வாங்கும். அதனால்தான் சைக்கிளில் தபால் கொடுக்கும் மச்சானைத் தன் பெயரில் அனுப்பினார். புதன்கிழமைகளில் உட்காருபவர் புது டாக்டர், யாரையும் தெரியாது.

இப்போது பந்தாட்டமே மறந்துபோயிற்று. ரொசாரியோ நகர வீதியில் ஓடிப்போய் சைக்கிளை மறித்தார்.

"மச்சான், கீழ இறங்கு."

"என்ன அத்தான், பிரேக் போச்சா?"

"உன் இதயம் போச்சுடா."

நெஸ்தோர் சீட்டை வாசித்தான். அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஓஸ்வால்தோ அவனை முதுகில் சுமந்து ஏற்றினார். சீட்டு அவன் பெயரில் இல்லாததால் தபால் ஆபீசில் லீவு கேட்க வழியில்லை. தபால் பையையும் இவரே யாருக்கும் தெரியாமல் மாட்டிக்கொண்டார். காலையில் தபால், மத்தியானம் மச்சானுக்கு மாட்டிறைச்சியும் டீ போலப் போட்டுக் குடிக்க மாத்தே இலையும், சாயங்காலம் கேஸ் சிலிண்டர்.

"என் தம்பி மேல திடீர்னு என்ன பாசம்?" என்றாள் மனைவி மிர்த்தா.

"இருக்கக் கூடாதா?"

"இருபத்தாறு வருஷமா இல்லியே, அதான் பயமா இருக்கு."

படுக்க வைத்தால் தேறுவான் என்று நினைத்தார். மூன்று வாரத்தில் நெஸ்தோருக்குத் தொந்தி விழுந்தது. குளியலறை வரை போய்வந்தாலே மூச்சிரைத்தது.

"அத்தான், முடியல. சைக்கிளை நீங்களே வெச்சுக்குங்க."

தன் பேராசைக்கு ஒரு உயிர் போகப் போகிறதே என்று ஓஸ்வால்தோவுக்கு அழுகை வந்தது. நேராக மருத்துவமனைக்குப் போய், சீட்டு கொடுக்கும் கிரஸியேலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"தப்புதாம்மா. ஜெயில்ல போட்டாலும் சரி. என் மச்சானைக் காப்பாத்துங்க."

கிரஸியேலா நிதானமாக ஃபைலை எடுத்தாள்.

"அவருக்கு ஒண்ணுமில்ல சார். எழுந்து நடக்கச் சொல்லுங்க. அன்னிக்குப் புது டாக்டர் லீவு, உங்களைத் தெரிஞ்ச பெரிய டாக்டர்தான் இருந்தார். வந்தவர் நீங்க இல்லைன்னு பார்த்ததுமே சொல்லிட்டார். அந்த ஈசிஜியைத் தூக்கிப் போட்டுட்டு, போன மாசம் நீங்களே டெஸ்ட் எடுத்துட்டு வாங்க வராம விட்ட ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் எழுதினார்."

ஓஸ்வால்தோ தபால் பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்தார்.

அவள் ஃபைலை மூடினாள். "நல்லவேளை, சீட்டு கையில கிடைச்சிடுச்சு. இந்த மூணு வாரமும் மாடிப்படி எதுவும் ஏறலையே சார்?"