கருக வேண்டிய பூண்டு ரொட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்த ஈரம் காய்வதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இன்று தோற்றே தீர வேண்டும்.

ஜெயித்துக் காட்டுகிறேன் என்று சபதம் போடும் ஆண்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. தோற்பதற்காகக் குளித்து, தலை சீவி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் நுழைந்த கணவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

காரணம் இருந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்து டெக்னீஷியன். புது மெஷின்களைப் பழக வேறு ஊருக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு வரச் சொல்லி அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. முடித்துவிட்டு வந்தால் அந்தக் கூடத்துக்கே அவள்தான் பொறுப்பு. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"போய்ட்டு வரட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"தாராளமா" என்றார் இவர். வாய் சொன்னது. வயிறு சொல்லவில்லை. வயிற்றுக்கு மேலே சற்று இடப்பக்கமாக ஒன்று இருக்கிறதே, அது சொல்லவே இல்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவளைப் பிரிந்து அவர் இருந்தது மொத்தம் நாலு நாள். நாலு நாளும் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். "போகாதேம்மா, எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஆண்பிள்ளை அப்படியெல்லாம் சொல்லலாமா? சதி வேண்டுமானால் செய்யலாம். அதில் கௌரவக் குறைச்சல் கிடையாது.

சதிக்கு வழியையும் அவளே திறந்துவிட்டாள்.

"நீங்க இங்க பட்டினி கிடந்தா எனக்கு அங்க சாப்பாடு இறங்காது. ஒரே ஒரு பண்டம் உங்க கையால செஞ்சு காட்டுங்க. நிம்மதியாப் போறேன். முடியலேன்னா போகல."

"என்ன பண்டம்?"

"கார்லிக் பிரெட். அதைவிடச் சுலபமா ஒண்ணு கிடையாது. ரொட்டியை வெட்டணும். பூண்டைப் பொடியா நறுக்கி வெண்ணெயில குழைச்சுத் தடவணும். ஓவன்ல பத்து நிமிஷம் வெக்கணும். அவ்வளவுதான்."

முந்தின நாள் சாயங்காலம் மாடி வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் படிக்கட்டில் வைத்து யோசனை கேட்டார்.

"தோத்துடுங்க சார்."

"எப்படிப்பா? சுலபமான ஐட்டமாச்சே."

"சுலபமானதுல தோத்தாத்தான் சார் மதிப்பு. நான் கல்யாணமான புதுசுல ஒரே ஒரு முட்டை பொரிச்சேன். இன்னிவரைக்கும் என் வீட்டம்மா என்னை அடுப்புப் பக்கம் விடறதில்ல."

"முட்டை அவ்ளோ மோசமாவா வந்துச்சு?"

"முட்டைக்கு ஒண்ணும் ஆகல சார். சமையல்கட்டுக்குத்தான் வெள்ளையடிக்க வேண்டியதாப் போச்சு."

அந்த அனுபவசாலியின் ஆசியோடுதான் இவர் இப்போது கத்தியைக் கையில் எடுத்தார்.

இந்த இடத்தில் அவருடைய தொழிலைச் சொல்லியாக வேண்டும். அவர் ஸ்விட்ச் கம்பெனியில் செக்கிங் பிரிவின் தலைவர். ஒரு ஸ்விட்சின் மேல் தலைமுடி அகலத்துக்குக் கீறல் இருந்தாலும் அது சிவப்புப் பெட்டிக்குள் போய்விடும். கம்பெனியில் அவருக்கு 'ரிஜெக்ட் சார்' என்று பெயர். அது தனக்குத் தெரியாது என்று ஊழியர்கள் நினைப்பது அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக மட்டமான சரக்கு எதுவும் அந்தக் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. அந்தக் கையை நம்பித்தான் மட்டமான ரொட்டி செய்யக் கிளம்பியிருந்தார்.

முதல் துண்டைத் திட்டப்படி கோணலாக வெட்டினார். கை அதைத் தானாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டது. அடுத்த துண்டுக்கு முன்னால் கை தானாகப் பைக்குள் போய் ஆபீஸ் அளவுகோலை எடுத்தது. ஒரு அங்குலம், ஒரு அங்குலம் என்று பன்னிரண்டு துண்டு. பூண்டை மொத்தை மொத்தையாக நறுக்க நினைத்தார். கடுகு கடுகாக விழுந்தது. உப்பை அள்ளிக் கொட்டப் போனவர், ஒரு சிட்டிகை போட்டு ருசி பார்த்து, அரைச் சிட்டிகை போட்டு, போதும் என்று தன்னையறியாமல் தலையாட்டினார். வெண்ணெயை நாலு மூலைக்கும் ஒரே கனத்தில் தடவி முடித்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

"உதவி வேணுமா?" என்று வாசற்படியில் நின்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணும் வேண்டாம். நீ போய் உக்காரு."

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை ஓவன். பத்து நிமிஷத்துக்குப் பதிலாக இருபத்தைந்து வைத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏழாவது நிமிஷம் வாசனை வந்தது. பூண்டும் வெண்ணெயும் சேர்ந்து வீட்டையே மயக்கும் வாசனை. பத்தாவது நிமிஷம் துண்டுகளின் ஓரம் பொன்னாக மாறியது. அவர் எழுந்தார், உட்கார்ந்தார். பன்னிரண்டாவது நிமிஷம் கை கதவை நோக்கிப் போனது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, பெற்ற பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பியவர் போல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு துண்டுகளும் அவர் கண் முன்னாலேயே கரியாகின.

மனைவி வந்தாள். ஒரு துண்டை எடுத்தாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், உடைத்து உள்ளேயும் பார்த்தாள்.

"சரிங்க. நான் போகல" என்றாள்.

சத்தமில்லாமல் சொன்னாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நொடி குதித்த அவர் மனசு, அடுத்த நொடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. இத்தனை வருஷ வேலைக்கு அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை அந்தப் பயிற்சி. அதைத்தான் சுட்டுக் கரியாக்கியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. கரித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

அவள் மேஜையில் காகிதத்தை வைத்துப் பேனாவை எடுத்தாள்.

"என்ன எழுதற?"

"வரலேன்னு லெட்டர். கேளுங்க. 'மதிப்பிற்குரிய தலைமை மருத்துவர் அவர்களுக்கு. என் கணவருக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவத் தெரியாத காரணத்தால் பயிற்சிக்கு வர இயலவில்லை.'"

"இதெல்லாம் ஒரு காரணமா?"

"நடந்த காரணம் இதுதானே?"

"உனக்கு உடம்பு சரியில்லேன்னு எழுதேன்."

"ஆஸ்பத்திரிக்கா? ஊசியோட வீட்டுக்கே வந்துடுவாங்க."

"அதுக்காகத் தடவத் தெரியாதுன்னு எழுதுவியா? தடவினதுல ஒரு குறை சொல்லு பாப்போம்."

"சரி, மாத்திடறேன். 'தடவத் தெரியும், வெளியே எடுக்கத் தெரியாது.'"

"அது இதைவிட மோசம்!"

"'வயது நாற்பத்தாறு. ஸ்விட்ச் கம்பெனியில் செக்கிங் பிரிவுத் தலைவர்.'"

"கம்பெனியை எதுக்கு இழுக்கற?"

"வராதவங்க லெட்டரை ஒரு வாரம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க. யாரு என்னன்னு விவரம் வேணுமில்ல?"

"எந்த போர்டுல?"

"எங்க லேப் வாசல்ல இருக்கே, அதுலதான். உங்க கம்பெனி ஆளுங்க எல்லாரும் நாளைக்குத்தான் மெடிக்கல் செக்கப்புக்கு ரத்தம் கொடுக்க வர்றாங்க. வரிசையில நிக்கறவங்களுக்கும் படிக்க ஏதாவது வேணும்ல."

அவர் கண்ணில் வரிசை தெரிந்தது. பாக்கிங் பிரிவு தெரிந்தது. ஒவ்வொருவராக நின்று நிதானமாகப் படிப்பது தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் ஊரையெல்லாம் ரிஜெக்ட் செய்தவர் ரொட்டியில் ரிஜெக்ட் ஆவதா?

"பேனாவைக் கீழ வை. இன்னொரு ரொட்டி இருக்கா?"

"இருக்கு."

ஏன் இருக்கிறது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். இன்னொரு கட்டி வெண்ணெய் ஃபிரிட்ஜுக்கு வெளியே பதமாக இளகிக் காத்திருந்ததையும் கவனித்திருக்க வேண்டும். ரோஷம் வந்தவனுக்குக் கண் தெரியாது.

இந்த முறை கைக்கும் மனசுக்கும் சண்டை இல்லை. வெட்டினார், நறுக்கினார், குழைத்தார், தடவினார். மல்லித்தழையை மேலே தூவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவராகவே தூவினார். பத்தாவது நிமிஷம் கதவைத் திறந்து தட்டை வெளியே எடுத்தார். ஒரு துண்டை அழுத்தினார். நல்ல ஸ்விட்ச் போல 'டக்'கென்று சத்தம் வந்தது. பன்னிரண்டும் பாஸ். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாப்பாட்டுச் சாமான் தன் கையில் உருவாகி நிற்பதைப் பார்த்தபோது அவருக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

மனைவி ஒன்று சாப்பிட்டாள். இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு."

"வெறும் நல்லா இருக்கா? சரியாப் பாரு."

"ரொம்ப நல்லா இருக்கு. முதல் தடவைதான் பாவம், தவறிப்போச்சு."

அந்தப் 'பாவம்' தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தவறிப்போச்சா? நானாக் கருக்கினேன்! வேணும்னே கருக்கினேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏன்?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "நீ போகக்கூடாதுன்னுதான். நீ இல்லாத வீட்டுல எனக்கு இருக்கத் தெரியாதும்மா. பசிக்காக இல்ல. பேச்சுச் சத்தமே இல்லாம சுவத்தைப் பாத்துக்கிட்டு எப்படி இருப்பேன்?" கண் கலங்கிவிட்டது. உரித்ததோ பூண்டு. பழியைப் போட ஒரு வெங்காயம்கூட அங்கே இல்லை.

அவள் கிட்டே வந்து கைத்துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். தினம் ஃபோன் பண்றேன். வேணும்னு கருக்கினீங்கன்னு அப்பவே தெரியுங்க. கருகினது பன்னெண்டும் ஒரே அளவு. செய்யத் தெரியாதவங்களுக்கு அவ்ளோ ஒழுங்காக் கருக்க வராது."

"அப்ப போய்ட்டு வா. நான் சமாளிச்சுக்குவேன்." முதல் முறையாக மனசாரச் சொன்னார். "அந்த லெட்டரை மட்டும் கிழிச்சுப் போட்டுடு."

"நீங்களே கிழிங்க."

எடுத்தார். அதில் ரொட்டியும் இல்லை, வெண்ணெயும் இல்லை. பயிற்சிக்கு வரச் சம்மதம் என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததன் நகல். ஆஸ்பத்திரி முத்திரை வெள்ளிக்கிழமை தேதியில் இருந்தது.

"வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துட்டியா? அப்ப இன்னிக்கு என்னை எதுக்கு இந்தப் பாடு படுத்தினே?"

அவள் மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டாள்.

"பதினெட்டு வருஷமா நானே செஞ்சு நானே சாப்பிடறேன். ஒரு தடவையாவது உக்காந்த இடத்துல சாப்பிடணும்னு ஆசையா இருந்துச்சுங்க."