நீலப் புள்ளியும் மெத்தைக் கடை மேனேஜரும்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மெத்தைக் கடை மேனேஜர், உலகத்தின் ஆகப்பெரிய செல்போன் கம்பெனியோடு தமக்கிருந்த நீண்டகால உறவை இன்று காலை முதல் முற்றிலுமாக முறித்துக்கொண்டார். பங்குச் சந்தைகள் பதற்றமடைய வேண்டாம்.

அறிவிப்பு, மேனேஜர் வீட்டுச் சமையலறை வாசலில், ஃப்ரிட்ஜின் மேல் ஒரு கையை ஊன்றியபடி வெளியிடப்பட்டது. கூட்டத்துக்கு மனைவி மட்டும் வந்திருந்தாள். அவளும் மிக்ஸியை ஓடவிட்டிருந்ததால் பாதிதான் காதில் விழுந்தது.

“யாரோட முறிச்சுக்கிட்டீங்க? வீட்டு ஓனரோடயா?”

“கம்பெனியோட! இந்த போனைப் பாரு. விடிய விடிய சார்ஜ் ஏத்தினேன். பல்லு தேய்ச்சுட்டு வர்றதுக்குள்ள பாதி போச்சு.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க.”

“போன மாசம் சொன்னது எச்சரிக்கை. இது முடிவு.”

“சரி, வந்து சாப்பிட்டுட்டு முடிவெடுங்க. ஆறுது.”

மேனேஜரை அறிந்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தியல்ல. அந்தக் கம்பெனியில் அவருக்குப் பங்கு கிடையாது, உத்தியோகம் கிடையாது, வாசலில் நிற்கும் காவலாளியைக்கூடத் தெரியாது. ஆனாலும் அவர் வாயில் அது எப்போதும் ‘நம்ம கம்பெனி’தான். புது மாடல் வந்தால், தம் வீட்டில் குழந்தை பிறந்ததுபோலக் கடை முழுக்க மிட்டாய் கொடுப்பார். வேறு கம்பெனி போன் வைத்திருப்பவர்களை, வெறுந்தரையில் படுப்பவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். கடையில் ஊழியர்களைக் கூட்டி வைத்து, “வாடிக்கையாளர்னா எப்படி இருக்கணும்? என்னை மாதிரி இருக்கணும்!” என்று மார்பில் தட்டிக்கொள்வார். மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது அதே கம்பெனி போனை அவள் கையில் வைத்து, “வேலை மாறலாம், வீடு மாறலாம். கம்பெனி மட்டும் மாறக் கூடாது” என்று ஆசீர்வதித்தார்.

அப்பேர்ப்பட்ட கம்பெனி, ஒருநாள் காலை அவர் கேட்காமலேயே ஓர் அப்டேட் அனுப்பியது. அன்றிலிருந்து போன் பழைய லிஃப்டைப்போல ஒவ்வொரு வேலைக்கும் யோசித்து யோசித்துக் கிளம்பியது. சார்ஜ் நிற்கவில்லை. பிளக்கை விட்டு நகர முடியாத நிலை வந்தது. கடையில் பிளக் இருந்த ஒரே இடம், முதுகுவலிக்காரர்களுக்கென்று காட்சிக்குப் போட்டிருந்த விலையுயர்ந்த மெத்தையின் தலைமாட்டில். மேனேஜர் அங்கேயே படுத்தபடி பேசத் தொடங்கினார்.

“யாரு சார் அது? ஏன் படுத்திருக்காரு?” என்று கேட்ட வாடிக்கையாளரிடம் சேல்ஸ்மேன், “எங்க மேனேஜர் சார். இந்த மெத்தையில படுத்தவரு எந்திரிக்கவே மாட்டேங்கறாரு” என்றான். அந்த வாரம் அந்த ரகத்தில் மட்டும் நல்ல விற்பனை.

இவ்வளவு அவமானப்பட்டும் அவர் ஏன் அந்த போனைத் தூக்கி எறியவில்லை? அதற்குக் காரணம், விசுவாசம் என்று அவர் வெளியில் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று. உண்மையில் அது ஒரு நீலப் புள்ளி.

அந்தக் கம்பெனி போன்களில் ‘குடும்ப வட்டம்’ என்று ஒரு வசதி. இரண்டு பேரிடமும் அதே கம்பெனி போன் இருந்தால், ஒருவர் இருக்குமிடம் இன்னொருவருடைய வரைபடத்தில் நீலப் புள்ளியாகத் தெரியும். மகள் ஊருக்குக் கிளம்பிய அன்று ரயில் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காக அதைப் போட்டுவிட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் அவள் அதை மறந்துவிட்டாள். அப்பா மறக்கவில்லை. ஞாபகப்படுத்தினால் அணைத்துவிடுவாளோ என்ற பயத்தில் அதைப்பற்றி மூச்சு விட்டதுமில்லை.

மகள் போனில் பேசுவது மொத்தமே நாலைந்து சொல்தான். “சொல்லுங்கப்பா.” “ம்.” “லீவு இல்லப்பா.” “வெச்சிடறேன்பா.” மீதியையெல்லாம் புள்ளிதான் பேசியது. விடிந்தும் விடியாமலும் புள்ளி ஆபீசுக்குக் கிளம்பிவிடும். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் அங்கேயே நிற்கும். நடுவில் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் வரும்.

“மீட்டிங் போயிருக்கா” என்பார் மேனேஜர், மெல்ல, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

இரவில் புள்ளி மகளின் அறை இருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் படுத்திருக்கும். அதற்கும் அவரே கம்பெனிக்காக வக்காலத்து வாங்கினார். “அவ்வளவு உசரத்துல இருந்து சாட்டிலைட் பாக்குதுல்ல? ஒரு தெரு முன்னப்பின்னதான் இருக்கும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை புள்ளி ஆபீசில் நின்றது. போன் செய்தால் மகள் கொட்டாவியோடு, “இப்பதான்பா எந்திரிச்சேன்” என்றாள். மேனேஜர் போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

“ஞாயித்துக்கிழமையும் வேலை பாத்துட்டு, நாம கவலைப்படுவோம்னு தூங்கறேன்னு பொய் சொல்றா பாரு.”

மனைவி முதலில் திட்டினாள். “வயசுப் பொண்ணை இப்படி வேவு பாக்கறீங்களே, வெக்கமா இல்ல?” இரண்டாம் வாரம், “சாப்பிடப் போனாளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றாள். அதன்பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, “கொஞ்சம் பெருசு பண்ணுங்க” என்றாள். பெரிதாக்கினால் தெருதான் பெரிதாகும். புள்ளி அதே அளவில்தான் இருக்கும். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் மகளுடைய பழைய அறையில், கடையிலிருந்தே ஆக உயர்ந்த ரகத்தில் ஒரு மெத்தை வாங்கிப் போட்டிருந்தார் மேனேஜர். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. அவள் வந்துதான் பிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்.

ஆகவே உறவை முறித்துக்கொண்ட அன்றே சமாதானப் பேச்சுவார்த்தைக்குக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனார். கண்ணாடிக் கதவு, வாசனை, குளிர். ஆஸ்பத்திரியா நகைக்கடையா என்று சொல்ல முடியாத இடம். கவுண்டரில் இருந்த பெண் போனைத் தொடாமலேயே சிரித்தாள்.

“இது ரொம்பப் பழைய மாடல் சார்.”

“பழசுன்னு சொல்லாதீங்க. விசுவாசம்னு சொல்லுங்க. உங்க கம்பெனி இந்த ஊருக்குள்ள வந்த நாள்லேருந்து நான் உங்க ஆளு. நான் யாருன்னு தெரியுமா?”

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “டோக்கன் முப்பத்தாறு சார்.”

மேனேஜரின் முகம் காற்றுப் போன தலையணைபோல ஆனது. பேட்டரி மாற்றித் தருவதாகச் சொன்னாள். மாற்றியும் தந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், ‘இந்த பேட்டரி நம்முடையதா என்று உறுதிசெய்ய முடியவில்லை’ என்று போன் திரையில் எழுதி வைத்தது. துடைத்தால் மறுபடி எழுதியது.

“அவங்க கையால போட்ட பேட்டரியையே அவங்க போன் சந்தேகப்படுதா?” என்றாள் மனைவி.

மறுபடி போனார். இந்த முறை, “எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிச்சா சரியாயிடும் சார்” என்றாள் அதே பெண், அதே சிரிப்போடு.

“எல்லாத்தையும்னா? குடும்ப வட்டமும் போயிடுமா?”

“போயிடும் சார். அந்தப் பக்கம் இருக்கறவங்க அவங்க போன்ல மறுபடி அனுமதி குடுக்கணும்.”

மேனேஜர் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். ஓடியதில் கண்ணாடிக் கதவில் போன் இடித்து, திரையில் ஒரு கீறல், மகள் இருக்கும் ஊரின் குறுக்கே புது ரோடு போட்டதுபோல விழுந்தது.

அப்போதுதான் களத்தில் இறங்கினான் மச்சான். மனைவியின் தம்பி. ஆளுக்கொரு கட்சி இருப்பதுபோல அவனுக்கு எதிர்க் கம்பெனி.

“மாமா, எத்தனை நாளைக்குத்தான் அந்தச் சவத்தைக் கட்டிக்கிட்டு அழுவீங்க? இந்தாங்க, எங்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு. உங்க சிம்மைப் போட்டுப் பாருங்க.”

“நான் கொள்கை உள்ளவன் மாப்ள.”

“கொள்கைக்கு சார்ஜ் நிக்குதா?”

மேனேஜர் சிம்மை மாற்றிக்கொண்டார். எதிர்க் கம்பெனி போன் சொன்னதைச் செய்தது. படம் பளிச்சென்று எடுத்தது. காலையில் ஏற்றிய சார்ஜ் மாலையில் அப்படியே இருந்தது. மேனேஜர் படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து, கடைக்குள் மனிதரைப்போல நடமாடினார். முதுகுவலி மெத்தையின் விற்பனை விழுந்தது.

எல்லாம் இருந்தது. புள்ளி இல்லை.

நடுநடுவே தெருவைக் கடக்கும்போது, பில் போடும்போது, கை தானாகப் பையிலிருந்து போனை எடுக்கும். வரைபடத்தைத் திறக்கும். ஊர் இருக்கும், தெரு இருக்கும், ஆபீஸ்கூட இருக்கும். மகள் இருக்க மாட்டாள். ஒரு வாடிக்கையாளர், “இந்த மெத்தை நடுவுல குழி விழுமா?” என்று கேட்டதற்கு, “நாளாக நாளாக எல்லாத்துக்கும் விழும்” என்று சொல்லி, உறுதியாகியிருந்த வியாபாரத்தைக் கெடுத்தார்.

முடிவில், சிம் இல்லாத பழைய போனை, கடையின் வைஃபையில் கோத்து, மெத்தையின் தலைமாட்டு பிளக்கிலேயே நிரந்தரமாகக் குத்தி வைத்தார். நோயாளிக்கு டிரிப்ஸ் ஏற்றுவதுபோல. வியாபாரம் இல்லாத நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

“சார், அது போனா, இல்ல பேஷன்ட்டா?” என்றான் சேல்ஸ்மேன்.

“உனக்குப் பொண்ணு பொறக்கட்டும்டா. அப்பக் கேளு.”

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு மனைவி கடைக்கு வந்தாள். டப்பாவைத் திறப்பதற்கு முன் வழக்கம்போல, “எங்க இருக்கா?” என்றாள்.

மேனேஜர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஆஸ்பத்திரியில.”

“என்னது!”

“காலையிலேருந்து ஆபீசுக்கே போகல போல. புள்ளி அசையவே இல்ல. பாரு, ஆஸ்பத்திரின்னு போட்டிருக்கு.”

மகளுக்கு போன் செய்தார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மனைவி சாப்பாட்டு டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்தாள். மச்சானைக் கூப்பிட்டார்கள்.

“மாமா, பதறாதீங்க. உங்க கம்பெனில ‘சத்தம் எழுப்பு’ன்னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க. அமுக்கினா, அங்க போன் சைலன்ட்ல இருந்தாலும் ஊரைக் கூட்டும். உங்க நம்பரும் திரையில தெரியும். யாராவது எடுத்துக் கூப்பிடுவாங்க.”

மேனேஜர் பட்டனை அமுக்கினார். போன் தன் வழக்கப்படி யோசித்தது. சுற்றியது. ‘இந்த பேட்டரி நம்முடையதா’ என்று ஒருமுறை கேட்டது. கடைசியில், ‘சத்தம் எழுப்பப்படுகிறது’ என்றது.

அந்தக் கணத்தில் மேனேஜர் அத்தனையையும் மன்னித்தார். அப்டேட்டை மன்னித்தார், டோக்கன் முப்பத்தாறை மன்னித்தார். கீறல் விழுந்த திரையைச் சட்டை நுனியால் துடைத்தபடி சொன்னார்: “இந்தக் கம்பெனி மட்டும் இல்லேன்னா எம்பொண்ணு எங்க கெடக்கான்னே தெரிஞ்சிருக்காது. உசுரு உள்ளவரைக்கும் இனி வேற போனைத் தொட மாட்டேன்.”

சட்டைப் பையில் இருந்த எதிர்க் கம்பெனி போன் மணி அடித்தது. தெரியாத எண். ஸ்பீக்கரில் போட்டார்.

“ஹலோ, யாருங்க அது? போன் பாட்டுக்குக் கத்துது. நர்ஸம்மா வந்து திட்டிட்டுப் போகுது.” ஒரு பெண் குரல். நடுத்தர வயது இருக்கும்.

“அம்மா, நீங்க யாரு? டாக்டரா?”

“ஐய, இல்லீங்க. நான் கூட இருக்கறவ.”

“அவளுக்கு... அவளுக்கு என்னம்மா ஆச்சு? மறைக்காம சொல்லுங்க.”

“மறைக்க என்னங்க இருக்கு? எல்லாம் நல்லபடியா ஆயிடுச்சு. சுகப்பிரசவம். பொம்பளப் புள்ள. தாயும் புள்ளயும் சௌக்கியம்.”

முதுகுவலிக்காரர்களுக்கான மெத்தையில் மேனேஜர் நெடுக விழுந்தார். கல்யாணத்துக்கு இன்னும் ஜாதகத்தைக்கூட எடுக்காத பெண். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சேல்ஸ்மேன் நாகரிகம் கருதி, எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பி, தூசியே இல்லாத ஒரு தலையணையைத் தட்டத் தொடங்கினான்.

மனைவிதான் போனை எடுத்தாள். கேட்டாள். “புள்ள யாரு ஜாடைங்க?”

“அப்படியே எம்பொண்ணு ஜாடைங்க. எங்க வீட்டு மூக்கு.”

“உங்க பொண்ணா?”

“ஆமாங்க, எம்பொண்ணுக்குத்தான் பிரசவம். நீங்க யாருன்னு நெனச்சீங்க?”

மேனேஜர் எழுந்து உட்கார்ந்தார். போன உயிர் பாதி திரும்பியிருந்தது. “அப்ப... இந்த போன் யாருதும்மா?”

“இதுங்களா? நான் ஒரு ஆபீஸ்ல கூட்டிப் பெருக்கறவங்க. அங்க ஒரு பாப்பா, இதுல சார்ஜே நிக்கலன்னு போன வருஷமே வேற கம்பெனிக்கு மாறிட்டு இதை எனக்குக் குடுத்துடுச்சு, ஆனா யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, இந்தக் கம்பெனின்னா அவங்கப்பாவுக்கு உசுராம்.”