குறி தவறியதற்குக் காரணம் ஹீட்டர்

இந்தக் குளிர்காலத்தில் குறி சுடுவதில் டெல்மரைத் தோற்கடித்தே தீருவது என்று ஆர்விட் ஹாகன் முடிவு செய்தார். முடிவை மனைவியிடம் முறைப்படி அறிவித்தார். மார்லிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"போன வருஷமும் இதையேதானே சொன்னே?"

"போன வருஷம் காரணம் தெரியல. இப்ப கண்டுபிடிச்சுட்டேன்."

"என்ன காரணம்?"

"ஹீட்டர்."

மார்லிஸ் கத்தியைக் கீழே வைத்தாள்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடக்கு மூலையில் ஏரி உறைந்துவிட்டால் ஆண்பிள்ளைகளுக்கு இரண்டே பிழைப்புதான். பனிக்கட்டியில் துளை போட்டு மீனுக்குக் காத்திருக்கலாம். இல்லாவிட்டால் வியாழக்கிழமை தோறும் துப்பாக்கி கிளப்புக்குப் போய்க் காகிதத்தில் துளை போடலாம். ஆர்விட் காகிதக் கட்சி. பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். சாயங்காலம் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து தன் பிஸ்டலுக்குத் தானே தோட்டா கட்டுவார். கடைத் தோட்டா சோம்பேறிகளுக்கு என்பது அவர் கொள்கை. கிளப்பில் எல்லோரும் சுட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனதும், இவர் மட்டும் நாலு காலில் தவழ்ந்து காலிக் கூடுகளைப் பொறுக்குவார். அவற்றைக் கழுவி, மெருகேற்றி, அடியில் தீப்பற்ற வைக்கிற புதுக் கேப் பதித்து, வெடிமருந்தை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாகத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்தி மூடுவார். அவர் கல்யாண மோதிரம் வாங்கும்போதுகூட இவ்வளவு எடை பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு டெல்மர், தூண்டில் புழு விற்கிற கடையிலேயே மட்டமான தோட்டா வாங்குவார். அதைக் கோட்டுப் பையில் இருமல் மிட்டாயோடு போட்டுக்கொண்டு வருவார். சுட்டால் நடுப்புள்ளி.

ஆர்விட்டின் தோட்டாக்களோ ஒன்று விடாமல் இடப்பக்கம் கீழே போய் விழுந்தன. வெடிக்கப் போகிறதே என்று பயந்து விரலை வெடுக்கென்று இழுக்கிறவனுக்குத்தான் அப்படி விழும். அது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஊர் மரியாதை அப்படி. ஒருவர் வீடு பற்றி எரிந்தால்கூட, "இன்னிக்கு உங்க வீடு கொஞ்சம் கதகதப்பா இருக்கு போல" என்றுதான் சொல்வார்கள்.

"தராசுக்கு நேர் மேல ஹீட்டர் குழாய்," என்று ஆர்விட் விளக்கினார். "அது காத்து விடும்போதெல்லாம் முள்ளு ஆடுது. மருந்து ஒரு இம்மி கூடுது, ஒரு இம்மி குறையுது. குறி எப்படி நிக்கும்?"

"அதுக்கு?"

"சாப்பாடு முடிஞ்சதுலேர்ந்து படுக்கப் போற வரைக்கும் ஹீட்டரை நிறுத்திடலாம்."

"வெளியில மைனஸ் இருபது, ஆர்விட்."

"கீழே எனக்கும் அதே குளிர்தான். நான் ஏதாவது புகார் பண்றேனா?"

"நீ ஏன் பண்ணப் போறே? நிறுத்துறதே நீதானே."

"விஞ்ஞானம்னா கொஞ்சம் தியாகம் வேணும், மார்லிஸ்."

"சரி கண்ணு," என்றாள் மார்லிஸ்.

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் "கண்ணு" என்று கூப்பிட்ட சந்தர்ப்பங்கள் குறைவு. ஒவ்வொன்றும் ஆர்விட்டுக்கு நஷ்டத்தில் முடிந்தது. அவர் அதை அப்போது கவனிக்கவில்லை. தராசு நினைப்பில் இருந்தார்.

ஹீட்டர் நின்றது. மார்லிஸ் கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு டிவி பார்த்தாள். அடுத்த வாரம் துணி காய வைக்கிற இயந்திரம் அதிர்கிறது என்று அதுவும் நின்றது. ஆர்விட்டின் பேன்ட் அட்டை மாதிரி விறைத்துக் கொடியில் தொங்கியது. அதற்கடுத்த வாரம், தலைக்கு மேலே மார்லிஸ் நடப்பதால் முள் ஆடுவதாகத் தெரியவந்தது.

"நடக்காதேங்கிறியா?"

"மெதுவா நடன்னு சொல்றேன்."

"எதுக்கு வம்பு? நான் வெளியிலயே போயிடறேன்."

அன்றிலிருந்து சாயங்காலமானால் அவள் டெல்மர் வீட்டுக்குப் போனாள். டெல்மரின் மனைவி ஆர்லாவும் அவளும் ரொம்ப சிநேகம். போகும்போது வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்று, கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷைப் பாத்திரத்தோடு கொண்டுபோனாள். ஆர்விட் நிலவறையில் கையுறையோடு குளிர்ந்த சாண்ட்விச் தின்றார்.

"நேத்து ஹாட்டிஷ் பிரமாதம், ஆர்விட்," என்றார் டெல்மர், அந்த வியாழக்கிழமை. "ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன். பரவாயில்லையே?"

"பரவாயில்ல, பரவாயில்ல," என்றார் ஆர்விட். பிறகு சுட்டார். இடப்பக்கம், கீழே.

அலமாரியில் பெட்டி பெட்டியாகக் குளிர்த் தோட்டா நிறைந்தது. குறி மட்டும் திருந்தவில்லை. ஆர்விட்டுக்கு ஃபிரிட்ஜ் மீது சந்தேகம் வந்தது.

"தாராளமா நிறுத்து," என்றாள் மார்லிஸ். "வீடே ஃபிரிட்ஜ்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு பரீட்சை வச்சுப் பாத்துடலாமா, கண்ணு?"

பரீட்சை இதுதான். ஹீட்டரை நிறுத்திவிட்டுக் கட்டியது ஒரு பெட்டி, ஓடவிட்டுக் கட்டியது ஒரு பெட்டி. இரண்டையும் மார்லிஸிடம் கொடுத்துவிட வேண்டும். வியாழக்கிழமை அவளே கிளப்புக்கு வந்து பிஸ்டலில் செருகுகிற இரண்டு மேகசின் டப்பாவில் போட்டுத் தருவாள். எது எது என்று ஆர்விட்டுக்குத் தெரியாது. டெல்மர் நடுவர். நிறுத்திக் கட்டியது ஜெயித்தால் ஏரி உருகும் வரை ஹீட்டர் போடுகிற பேச்சே கிடையாது. ஓடவிட்டுக் கட்டியது சமமாக வந்தாலோ, ஜெயித்தாலோ, ஹீட்டரின் திருகை ஆர்விட் இனி விரலால் தொடக்கூடாது.

ஆர்விட் உடனே சம்மதித்தார். கீழே இறங்கிப் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை வித்தியாசமே இல்லாவிட்டால்? ஹீட்டர் குற்றவாளி இல்லையென்றால் மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆள். அந்த ஆளைப் பற்றி யோசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே மாடியேறி மார்லிஸின் சிவப்பு நகப்பாலிஷை எடுத்துவந்தார். நிறுத்திக் கட்டிய தோட்டா ஒவ்வொன்றின் அடியிலும் குங்குமம் மாதிரி ஒரு சொட்டு வைத்தார். அவருடைய மேகசினின் முதுகில் வரிசையாகச் சின்னத் துளைகள் உண்டு. அவற்றின் வழியே தோட்டாவின் அடி தெரியும். சிவப்பு தெரிந்தால் உயிரைக் கொடுத்துச் சுடுவது. தெரியாவிட்டால் ஏனோதானோ என்று சுடுவது. தோட்டா கட்டுகிறவர்கள் எந்தக் கலவை எது என்று அடையாளம் தெரியச் சாயம் வைப்பது வழக்கம்தான். எனவே இது ஏமாற்று இல்லை, வழக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இன்னொரு பெட்டியை ஹீட்டர் உறும உறும, மார்லிஸின் கண் முன்னாலேயே, சாயமில்லாமல் கட்டி முடித்தார். இரண்டையும் அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு ஆர்லா வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை கிளப் நிறைந்திருந்தது. மார்லிஸ் வேறு மேசையில் மேகசின்களை நிரப்பினாள். டெல்மர் காதில் ஏதோ சொன்னாள். டெல்மர் தலையசைத்தார். முதல் மேகசின் வந்தது. ஆர்விட் கண்ணாடியைத் துடைப்பதுபோல் குனிந்து அதன் முதுகைப் பார்த்தார்.

சிவப்பு.

ஆர்விட்டின் நெஞ்சு குளிர்ந்தது. இது தங்கமான தோட்டா. இம்மி பிசகாதது. இதற்கா பயப்படுவது? மூச்சை மெல்ல விட்டார். விரலை மெல்ல அழுத்தினார். எப்போது வெடித்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஐந்து தோட்டா, ஐந்தும் நடுவில். காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் மூடிவிடலாம். வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது மேகசினில் சிவப்பு இல்லை. ஐந்தும் இடப்பக்கம், கீழே. வேண்டுமென்று அப்படிச் சுட்டாரா, தானாக வந்ததா என்று அவரால் சொல்ல முடியாது.

"பாத்தீங்களா எல்லாரும்?" என்றார் ஆர்விட். "சொல்லுப்பா டெல்மர். முதல் மேகசின் எது?"

"ஹீட்டர் ஓடினப்ப கட்டினது."

"இல்லப்பா, முதல் மேகசின்."

"அதைத்தான் சொல்றேன். ஹீட்டர் ஓடினப்ப கட்டினது."

"தப்பு! மாத்திச் சொல்றே! அது நிறுத்திட்டுக் கட்டினது!"

"உனக்கு எப்படித் தெரியும், கண்ணு?" என்றாள் மார்லிஸ்.

கிளப்பில் காதடைப்பான் மாட்டியிருந்த எல்லோரும் ஒரு காதைத் திறந்துகொண்டார்கள்.

"அது... சுடும்போதே கைக்குத் தெரியும்."

"கை என்ன சொல்லுச்சு?"

ஆர்விட் காலிக் கூடு பொறுக்குகிற சாக்கில் தரையில் இறங்கினார். பக்கத்திலேயே மார்லிஸும் தவழ்ந்து வந்தாள்.

"நகப்பாலிஷ் பாட்டிலை யாராவது திறந்து வச்சுட்டுப் போவாங்களா?" என்று கிசுகிசுத்தாள். "அதுல மிச்சமிருந்ததை வழிச்சு, ஹீட்டர் ஓடினப்ப கட்டினதுக்கெல்லாம் நானும் ஆர்லாவும் பொட்டு வச்சோம். நிறுத்திட்டுக் கட்டினது நம்ம அலமாரியில பெட்டி பெட்டியாப் பொட்டில்லாமக் கிடக்கு. அதுலேர்ந்து அஞ்சு எடுத்துக்கிட்டேன். நீ பொட்டு வச்சது வீட்ல பத்திரமா இருக்கு."

"இது மோசடி!"

"எழுந்து நின்னு எல்லார்கிட்டயும் சொல்லேன். முதல்லேர்ந்து சொல்லணும்."

முதலிலிருந்து சொன்னால் எங்கே ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று ஆர்விட் யோசித்துப் பார்த்தார். ஒரு கூட்டைப் பொறுக்கினார். இன்னொன்றையும் பொறுக்கினார்.

எழுந்து நின்றபோது கிளப் உறுப்பினர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் குறிக் காகிதத்தை டெல்மரே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். கேலி செய்கிறார்களா, நிஜமாகவே கேட்கிறார்களா என்று அந்த ஊர் முகங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

"அபாரம், ஆர்விட். ஹீட்டரை எத்தனை டிகிரி ஃபாரன்ஹீட்ல வச்சுக் கட்டினே?"

ஆர்விட் தொண்டையைக் கனைத்தார். காகிதத்தின் நடுவிலிருந்த ஐந்து துளைகளைப் பார்த்தார். என்ன இருந்தாலும் அவை அவர் சுட்டவை.

"எழுபத்திரண்டு," என்றார். "ஒரு டிகிரி குறைஞ்சாலும் மருந்து சுணங்கிடும்."

"எழுபத்தஞ்சு," என்றாள் மார்லிஸ், காப்பி ஊற்றிக்கொண்டே.

"எழுபத்தஞ்சு," என்று திருத்தினார் ஆர்விட்.