முயலுக்காக வாதாடிய குந்தேல் அண்ணன்

உலகத்துக் கதைகளில் முயலுக்கு நடந்த அநியாயங்களுக்கெல்லாம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதர், திருப்பதியில் எங்கள் பார்சல் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நகரிக்காரர். தெலுங்கில் முயலுக்குக் குந்தேலு என்று பெயர். லாரி டிரைவர்கள் யாரோ அவருக்கு அதையே வைத்துவிட்டார்கள். எனக்கு அவர் குந்தேல் அண்ணன். இப்படிக் கூப்பிட்டால் கோபம் வராதா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆமைன்னு கூப்ட்டாத்தான் தம்பி கோவம் வரும்" என்றார்.

ஆமை மேல் அவருக்கு இருந்தது சாதாரணப் பகை அல்ல. பந்தயத்தில் தூங்கித் தோற்ற முயல் கதையை யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஆபீசில் அத்தனை பார்சலும் அப்படியே நிற்கும்.

"முயல் தூங்கிச்சுன்னு யாரு சொன்னது? ஆமை! ஜெயிச்சவன் சொன்னதை அப்படியே எழுதிக்கினாங்க. முயல் கண்ணைத் தொறந்துக்கினே தூங்கும். அது தூங்குதா, முழிச்சிக்கினு கீதான்னு ஆமைக்கு எப்படித் தெரியும்? சிங்கத்தையே கிணத்துல குதிக்க வச்ச மூளை, போயும் போயும் ஒரு ஆமை ஓட்டுக்கிட்டயா ஏமாறும்?"

பெட்டி வாங்க வந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், "அது பிள்ளைங்களுக்கு நீதி சொல்றதுக்குங்க" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் அந்த அம்மாவால் பெட்டியோடு வெளியே போக முடிந்தது. போகும்போது முயல் கட்சிக்கு மாறியிருந்தார்.

அவரோடு சினிமாவுக்குப் போவது இன்னும் ஆபத்து. திரையில் முயல் தலைகாட்டினால் படத்தின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். கதாநாயகி வெள்ளை முயலைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டால் அவள் வெகுளி, சீக்கிரம் அழப்போகிறாள். வில்லன் மடியில் வைத்துத் தடவினால் அடுத்த காட்சியில் கொலை. குழந்தை முயலைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடினால் பேய்ப்படம்.

இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டால் பரவாயில்லை. ஒரு நாள் பாட்டு நடுவில் எழுந்து நின்று, "ஐயையோ, இத்தைக் கொல்லப் போறானுங்க!" என்று அலறினார்.

"கூர்ச்சோ பாபு!" என்று பின்வரிசை உட்காரச் சொல்லிக் கத்தியது. நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். சற்று நேரத்தில் முயல் செத்தது. பின்வரிசையில் கத்திய அதே ஆள் முன்னால் குனிந்து, ஹீரோவாவது பிழைப்பானா என்று பணிவோடு விசாரித்தார்.

இந்தப் பைத்தியத்தால் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இல்லை, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வடமாலபேட்டையில் ஒரு வரன் ஏறக்குறைய முடிந்தது. பேசி முடிக்கப் போன மாலையில் நிலா வந்துவிட்டது. இவர் பெண்ணிடம், "அதுல உங்களுக்கு இன்னா தெரியுது?" என்று கேட்டிருக்கிறார். "பாட்டி வடை சுடுறாங்க" என்றிருக்கிறாள் அந்தப் பெண். நிலாவில் இருப்பது முயல் என்பது இவர் கட்சி. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

எங்கள் மேனேஜர், கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்த சாது, அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினார். "ஏண்டா குந்தேலு, வடை சுடறான்னா சுட்டுண்டு போறா! ஒத்துண்டு வரவேண்டியதுதானே?"

"நாளைக்கு அவ பிள்ளைக்கும் அதையேதான சாமி சொல்லித்தருவா?" என்றார் அண்ணன்.

மேனேஜரே அலைந்து பிச்சாட்டூரில் இன்னொரு வரன் பார்த்தார். பெண் பெயர் யமுனா. அவளுக்கும் முப்பத்தைந்துக்கு மேல். துணைக்கு என்னை அனுப்பினார். "பேச்சு நிலாப் பக்கம் போனா அவன் வாயைப் பொத்து" என்பது எனக்கு இட்ட உத்தரவு. பகலிலேயே போய்விட்டு வரும்படி ஏற்பாடு.

அந்த வீட்டுத் தொழில் என்ன என்பதை மேனேஜர் விசாரிக்கவில்லை. போய் இறங்கினால், கொல்லைப்புறம் முழுக்கக் கம்பிக் கூண்டுகள். கூண்டு கூண்டாக முயல். எல்லாம் கறிக்கு வளர்ப்பவை.

அண்ணன் கூண்டுக்கு ஓரடி தள்ளியே நின்றார். அவர் அதுவரை ஒரு முயலைக்கூடத் தொட்டதில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. யமுனா ஒன்றைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அண்ணன் அதை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு விறைத்துப்போனார்.

"ரெண்டு பேருமே நடுங்குறீங்க" என்றாள் யமுனா. "யாரு யாரைப் புடிச்சிக்கினு கீறீங்கன்னே தெரியல."

"இது... ரொம்ப புத்திசாலிப் பிராணியாச்சே" என்றார் அண்ணன், குரல் எழும்பாமல்.

"புத்தியா? அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பயம்தான் ஜாஸ்தி. போன மாசம் ஒரு நாயி கூண்டாண்ட வந்து குலைச்சிச்சு. கடிக்கக்கூட இல்ல. பயத்துலயே ஒண்ணு செத்துப்போச்சு. நான் மடியில வச்சிக்கினுதான் இருந்தேன்."

அண்ணன் அந்த முயலின் முதுகை விரலால் மெல்லத் தடவினார்.

அப்புறம் இலை போட்டார்கள். யமுனாவின் அப்பா தன் கையாலேயே குழம்பை அள்ளி ஊற்றினார். "நம்ம வூட்டு முயல்கறி மாப்ளே. நல்லாத் துன்னுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வடமாலபேட்டையில் நிலாவுக்கே திரும்பி வந்தவர், இந்த இலைக்கு என்ன செய்வார்?

அண்ணன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பெரியவர் முகம் சிவந்தது. "எங்க தொழிலு உங்களுக்குக் கேவலமா கீதா?"

"ஐயோ, இல்ல நைனா" என்றார் அண்ணன். எழுந்து போகவில்லை. குரலும் உயரவில்லை. "நீங்க அதுங்களுக்குத் தீனி போடுறீங்க, வளக்குறீங்க. நான் வெறும் வாயிலயே அதுங்களைக் காப்பாத்திக்கினு இருந்தவன். கொஞ்ச முன்னாடிதான் கையில வச்சிருந்தேன். கையில இன்னும் அந்தச் சூடு கீது. துன்ன முடியல. மன்னிச்சிக்கங்க."

யமுனா குனிந்து அந்த இலையை எடுத்தாள். புது இலை போட்டு ரசம் ஊற்றினாள். "நான் கூட துன்றதில்ல நைனா. எத்தினியோ வருஷமாச்சு. நீ கவனிச்சதே இல்ல" என்றாள்.

பெரியவர் மகளைப் பார்த்தபடி கரண்டியோடு நின்றார். எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஆனால் சம்பந்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"பயந்துக்கினு ஓடுறதைப் போயி பந்தயம்னு நெனச்சிக்கினு இருந்தேன் தம்பி." கொஞ்சம் கழித்து, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. கெடுத்துக்கினேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க ஆபீசில் பார்சல்கள் தாமதமில்லாமல் போயின. மேனேஜருக்கு அதுவே பயமாக இருந்தது. பிறகு ஒரு காலை, பிச்சாட்டூர் பெரியவர் ஆபீசுக்கே போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"அந்தாளு இன்னாய்யா சொல்லிட்டுப் போனாரு எம்பொண்ணுகிட்ட? கூண்டைக் கழுவும்போதெல்லாம் சிரிச்சிக்கினு கீறா. அவ சிரிச்சு நான் பார்த்தே வெகு நாளாச்சு. கறி துன்னாட்டிப் போவுது, தேதியைக் குறிங்க."

கல்யாணம் நகரியில் நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் அண்ணன் கை நடுங்கி, முடிச்சு விழவே இல்லை. ஐயர் மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனார். யமுனா தலைநிமிராமல், "மெதுவா கட்டுங்க. நான் எங்கயும் ஓடல" என்றாள். முடிச்சு விழுந்தது.

அண்ணன் இப்போது சித்தூர் கிளையில் இருக்கிறார். அவர் நாற்காலிக்கு வந்திருப்பவர் நல்ல மனிதர், வேலை தெரிந்தவர், நேரத்துக்கு வருகிறார். அவரிடம் இதுவரை எந்தக் குறையும் நான் காணவில்லை. முயலைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் என் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் நகர்த்திக்கொண்டே போகிறேன்.