வத்தேகம ரிசீவர் முனி

வத்தேகமவில் தெய்வம் இப்போது டீவிக்குக் கீழே குடியிருக்கிறது.

நம்பாவிட்டால் எந்த வீட்டுக்காவது போய்ப் பாருங்கள். முன்னறையில் டீவி, அதற்குக் கீழே கண்ணாடித் தட்டு, தட்டில் கறுப்பாக ஒரு ரிசீவர். அதன் நெற்றியில் சந்தனம், சத்தம் கூட்டும் குமிழைச் சுற்றி மல்லிகைச் சரம், முன்னால் இரண்டு வாழைப்பழம். பழத்தை ரிசீவர் தின்னாது, எறும்பு தின்னும். தின்ற எறும்பு உடம்பை ஆற்ற ரிசீவருக்குள்ளே போய்ப் படுக்கும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி செய்வதெல்லாம் அற்புதம்தான்.

போன தீபாவளிக்குக் கண்டியில் ஒரு கடைக்காரர் இந்த ஹோம் தியேட்டர் செட்டை அடிமாட்டு விலைக்குப் போட்டார். ஒரு ரிசீவர், ஐந்து சின்ன ஸ்பீக்கர், தரையில் வைக்க ஒரு பெரிய பெட்டி. டவுனில் இருக்கிற கிளார்க்கும் வாங்கினார், தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருப்பவரும் வாங்கினார். பஸ்ஸில் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வீட்டில் வயர் கொடுத்துப் பூட்டிய பிறகுதான் ஆளுக்கொரு அனுபவம் கிடைத்தது. ஒரு வீட்டில் யாரும் தொடாமலே செட் தானாக 'ஆன்' ஆகி எழும்பியது. இன்னொரு வீட்டில் நியூஸ் வாசிக்கும்போது சத்தம் திடீரென்று உச்சத்துக்குப் போய் நாய் ஓடிப்போனது, மூன்றாம் நாள்தான் திரும்பி வந்தது. எல்லா வீட்டிலும் ஒரு 'ம்ம்ம்' என்ற முனகல். ஐந்தாவது ஸ்பீக்கர் எந்த வீட்டிலும் வாய் திறக்கவில்லை. திறந்து பார்த்திருந்தால் அது வெறும் பெட்டி என்பது தெரிந்திருக்கும். யார் திறப்பது?

வேறு ஊராக இருந்தால் செட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருப்பார்கள். நம்முடைய ஆட்கள் அப்படிப்பட்டவர்களா? தேயிலை பெக்டரியில் சுழலும் பெரிய சக்கரத்துக்குள் ரோதை முனி இருக்கிறார் என்று கிடாய் வெட்டிய பரம்பரை. மெஷின் முனகினால் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டோம், தேங்காயைத்தான் தேடுவோம். ரோதைக்குள் முனி இருக்கலாம் என்றால் ரிசீவருக்குள் இருக்கக் கூடாதா?

கூடும் என்று சொல்ல ஒருவர் வந்து சேர்ந்தார். நாதமுனி அடிகள். காவி வேட்டி, நெஞ்சு வரை தாடி, கழுத்திலிருந்து இடுப்புக்குத் தொங்கும் ஒரு ஜெபப்பை. வலது கை எந்நேரமும் அந்தப் பைக்குள்தான். உள்ளே உருத்திராட்சம் உருட்டுகிறாராம்.

"பழுது இல்லம்மா. முனி இறங்கியிருக்காரு" என்றார் அடிகள், முதல் வீட்டில். "இந்த அஞ்சாவது பெட்டி பேசலைங்கிறீங்களே, அதுல மௌனமுனி உட்கார்ந்திருக்காரு. தொந்தரவு பண்ணாதீங்க."

என்ன ஒரு விளக்கம்! கடைக்காரருக்கே இப்படிச் சொல்லத் தெரிந்திருக்காது.

அடிகளின் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் வந்து ரிசீவரைத் தொட்டுச் சந்தனம் பூசுவார். அக்கம்பக்கத்தில் டீ குடிப்பார், ஊர்க்கதை கேட்பார், போய்விடுவார். இரண்டொரு நாள் கழித்து வந்து செட்டின் முன்னால் நிற்பார். அதில் நீல வெளிச்சம் தெரியும். பிறகு ஒரு பெண் குரல், யாருக்கும் விளங்காத பாஷையில், மூக்கால் இரண்டு வார்த்தை சொல்லும்.

"முனியம்மா உத்தரவு கொடுத்துட்டாங்க. இது ஆதிபாஷை!" என்பார் அடிகள்.

அடுத்து முனியே பேசுவார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். அடிகளின் வாயோ இறுக மூடியிருக்கும். வீட்டு இரகசியமெல்லாம் வரிசையாக வரும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கடைசியில் முனி ஒரு பயத்தைப் போடுவார். பயத்துக்குப் பரிகாரம் அடிகளிடம் இருக்கும். பரிகாரத்துக்குத் தட்சணையை வெற்றிலைக்குக் கீழே வைக்க வேண்டும், முனி நோட்டை நேராகப் பார்க்க மாட்டாராம். மற்றபடி முனி யாருடைய கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. அவருக்கு வாய் மட்டும்தான், காது கிடையாது.

புடவைக்கடையில் வேலை செய்யும் கணேஸின் வீட்டிலும் முனி இறங்கினார். வெள்ளிக்கிழமை மாலை, வாசல் வரை சனம்.

"கணேசா!" என்றது ரிசீவர். "உன் மகள் ஆறு தாண்டப் போகிறாள். ஒரு வருடம் அவள் ஆறு தாண்டக் கூடாது! தாண்டினால் உயிருக்கு ஆபத்து!"

கணேஸ் திரும்பி மகளைப் பார்த்தார். மகள் சிந்துஜாவுக்குக் கண்டியில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டாம் முறை கிடைத்த இடம். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வத்தேகமவிலிருந்து கண்டிக்கு எந்த வழியாகப் போனாலும் மகாவலி ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அவ போகல சாமி" என்றார் கணேஸ், கும்பிட்டுக்கொண்டே.

"அப்பா!" என்று கத்தினாள் சிந்துஜா.

கணேஸின் மனைவி இராஜகுமாரி கண்டியில் மாநகர சபையில் கிளார்க். தண்ணீர்க் கட்டணம் கட்டாதவர்கள் சொல்லும் கதைகளைப் பன்னிரண்டு வருடமாகக் கேட்டு வருபவர். பொய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்கு வாடை தெரிந்துவிடும்.

"ஏன் சாமி, நான் தெனமும் அந்த ஆத்தத் தாண்டித்தானே வேலைக்குப் போறேன்? என்னைய ஏன் முனி ஒண்ணும் சொல்லல?"

"முனி கேள்வி எடுக்க மாட்டாரும்மா" என்றார் அடிகள். "ஞாயித்துக்கிழமை பரிகாரத்துக்கு வாறேன். அதுவரைக்கும் புள்ளைய வெளிய விடாதீங்க."

அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சிந்துஜா அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். கணேஸும் அழுதார். மகளை அவர் வெறுத்துத் தடுக்கவில்லை, பயந்து தடுத்தார். இந்த மாதிரி ஆட்களுடைய தொழிலுக்கு மூலதனமே அந்தப் பாசம்தான். நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை காலை. இராஜகுமாரி ரிசீவரில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிந்துஜா குசினியில் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பாட்டாவது கேட்போம் என்று காதில் மாட்டும் புளூடூத்தைப் போனில் தேடினாள். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. பக்கத்தில் இருந்த வேறு பெயரில் விரல் பட்டுவிட்டது.

முன்னறையில் அந்தப் பெண் குரல் மூக்கால் இரண்டு வார்த்தை சொன்னது.

"முனியம்மா!" என்று கணேஸ் குப்புற விழுந்தார்.

அடுத்த நொடி ரிசீவர் ஒரு குத்துப்பாட்டை எடுத்துவிட்டது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கணேஸ் விழுந்த இடத்தில் விழுந்தபடியே, "முனி சந்தோஷமா இருக்காரு போல" என்றார்.

இராஜகுமாரி குசினிக்கு ஓடினார். மகளின் கையில் போன் இருந்தது. தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

கணேஸ் கடைக்குப் போனதும் இருவரும் சோதனையில் இறங்கினார்கள். அந்த வீட்டில் இதுவரை பாட்டெல்லாம் பென் டிரைவில்தான், செட்டின் புளூடூத்தை யாரும் தொட்டதே இல்லை. இப்போது தொட்டுப் பார்த்தார்கள். போனை விட்டுவிட்டு மறுபடி இணைத்தால் முனியம்மா வந்தார். எத்தனை தடவை இணைத்தாலும் அத்தனை தடவையும் வந்தார், அலுப்பே இல்லாத அம்மா. 'போன் இணைந்துவிட்டது' என்பதைச் சீனத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பிறகு சிந்துஜாவின் போன் இணைந்திருக்கும்போதே இராஜகுமாரி தன் போனை இணைக்கப் பார்த்தார். ரிசீவர் எடுக்கவில்லை. மலிவுச் செட், ஒரு நேரத்தில் ஒரு போன்தான். இராஜகுமாரி போட்ட பாட்டு அவர் கையில் இருந்த போனிலேயே கீச்கீச்சென்று பாடியது.

"அப்பாகிட்ட சொல்லுவோமா அம்மா?"

"சொன்னா நம்பமாட்டாரு. முனி போனுக்குள்ளயும் வருவாருன்னு போனுக்கும் பொட்டு வைப்பாரு. நாளைக்குக் கண்ணால பாக்கட்டும்."

ஞாயிறு காலை வீடு நிரம்பி வழிந்தது. பக்கத்து வீட்டுச் சுப்பம்மா மருமகள் நிஷாந்தியோடு முதல் வரிசைக் கதிரையில் இடம் பிடித்துவிட்டாள். அடுத்ததாகத் தன் வீட்டுக்கு வரும்படி அடிகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவள் அவள். மளிகைக்கடை மக்கீன் நானாவும் வேடிக்கை பார்க்க வாசலில் நின்றார். சிந்துஜா மட்டும் உள்ளறையில் இருந்தாள். அவளுடைய போன் ரிசீவரோடு இணைந்து, சத்தம் போடாமல் காத்துக்கொண்டிருந்தது.

அடிகள் வந்தார். கற்பூரம் காட்டினார். நீல வெளிச்சம் ஏற்கெனவே எரிவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கையைப் பைக்குள் விட்டார், கண்ணை மூடினார்.

முனியம்மா வரவில்லை.

பைக்குள் கை வேகமாக உருண்டது. உருத்திராட்சத்துக்கு இவ்வளவு அவசரமா? நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"இங்க யாரோ தீட்டோட நிக்கிறீங்க" என்றார் அடிகள்.

நாலு பேர் பயந்து எழும்பினார்கள். அந்த நேரம் பார்த்து முனி பேசினார்.

"கணேசா! என் வாசலில் நிற்பவனே!"

குரல் அதே குரல்தான். ஆனால் கம்பீரம் போய், தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி வந்தது. கூட்டம் ரிசீவரைப் பார்த்தது. பிறகு சுற்றும் முற்றும் பார்த்தது. கடைசியில் எல்லார் பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது.

"சாமி" என்றாள் நிஷாந்தி. "முனி ஒங்க இடுப்புலல்ல பேசுறாரு?"

அடிகள் பதறிப்போய் பைக்குள் எதையோ அமுக்கினார். அவசரத்தில் அமுக்கியது தப்பு. கணேஸின் முனி நின்று அடுத்த முனி ஆரம்பித்தது.

"சுப்பம்மா! சுப்பம்மா!" என்றது பை.

"சிந்து, விடு!" என்று இராஜகுமாரி உள்ளே பார்த்துக் கூவினார்.

சிந்துஜா தன் போனை ரிசீவரிலிருந்து விடுவித்தாள். இடம் காலியானதும் அடிகளின் போன் தானாக ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. சீனத்து அம்மா மூக்கால் உத்தரவு கொடுத்தார். மறு நொடி, மௌனமுனி நீங்கலாக எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து தெரு முழுக்க முழங்கின.

"சுப்பம்மா! மருமகளுக்குத் தெரியாமல் அரிசி வாளியில் ஒளித்து வைத்திருக்கிறாயே ஒரு சங்கிலி, அதில் சனி பிடித்திருக்கிறது! அதை எடுத்து என் அடியாரிடம் கொடு!"

எல்லார் தலையும் சுப்பம்மாவின் பக்கம் திரும்பியது.

"எந்தச் சங்கிலி அத்தை?" என்றாள் நிஷாந்தி.

சுப்பம்மா துள்ளி எழுந்து அடிகளைப் பார்த்தாள். "பாவி! அத ஒன்கிட்ட மட்டுந்தானேடா சொன்னேன்! புதன்கெழம டீ குடிக்கயில!"

இராஜகுமாரி போய் அந்தப் பையைப் பிடித்துக் கவிழ்த்தார். ஒரு போன் விழுந்தது. உருத்திராட்சம் ஒரு கொட்டைகூட விழவில்லை. போன் கீழே கிடந்தபடியே ஓடியது, அதில் பதிந்து வைத்த குரலை ரிசீவர் முழங்கிக்கொண்டே இருந்தது, சனி, சங்கிலி, அடியார் என்று. சிந்துஜா அறையிலிருந்து வெளியே வந்து அதை எடுத்து நிறுத்தினாள். முனி பாதி வார்த்தையில் அடங்கினார்.

மக்கீன் நானா உள்ளே வந்து அடிகளின் தாடியை உற்றுப் பார்த்தார். "அல்லாவே! கெலிஓயா சின்னமுத்துவா நீ? என்ட மகள்ட கலியாணத்துக்கு ஸ்பீக்கர் செட் வாடகைக்குப் போட்டது நீதானே? அன்டைக்கும் செட் பாதியில நின்டிச்சி!"

"முனி சோதிக்கிறாரு..." என்று ஆரம்பித்தார் சின்னமுத்து.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது அடுத்தவருக்கு ஒட்டி, வாசலுக்குப் போய், தெருவில் இறங்கியது. அடித்திருந்தால்கூட அவர் அருளோடு வாங்கிக்கொண்டிருப்பார். சிரிப்பைத் தாங்க முடியவில்லை. வெற்றிலைக்குக் கீழே வாங்கியதையெல்லாம் அங்கேயே வைத்துவிட்டுத்தான் அவரைப் போகவிட்டார்கள். போகும்போது அவர் ஓடிய ஓட்டம் ஒன்றுதான் நிஜமான அற்புதம்.

கணேஸ் மட்டும் சிரிக்கவில்லை. மகளின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒன்னோட ஒரு வருசத்த நானே வாங்கி அவன் கையில குடுக்கப் பாத்தேனே, தங்கம்" என்றார். சிந்துஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவரே மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பழக்கம் ஒரே நாளில் விடுமா?

"அப்பா, தாண்டியாச்சு. கண்ணத் தொறங்க" என்றாள் சிந்துஜா.

கணேஸ் திறந்து பார்த்தார். மகள் முழுசாக இருந்தாள். பின்னால் ஆறும் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

வத்தேகமவில் சில வீடுகளில் மட்டும் இன்னும் மல்லிகைச் சரம் தொங்குகிறது. ஏன் என்று கேட்டால், "அவன் கள்ளன்தான், ஆனா முனி உண்மையா இருந்தா?" என்கிறார்கள். கெலிஓயா பக்கம் ஒரு ரைஸ் குக்கர் குறி சொல்வதாகவும் கேள்வி. அங்கே போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தேங்காய் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு மூளை போதும். அது கரண்ட் போனாலும் வேலை செய்யும், பில்லும் வராது. ஆனால் என்ன செய்ய, நம்மில் பலர் அதை வாங்கிய பெட்டியிலிருந்து இன்னும் வெளியிலேயே எடுக்கவில்லை!