மருமகன் வெளியே இருக்கட்டும்

அடுத்தவரிடம் கேட்ட கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வதும் ஒரு வியாதிதான். எனக்கு அது முற்றிப்போன நிலையில் இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கண்டக்டர் "எங்க இறங்கணும்?" என்று கேட்டால்கூட எனக்கு நாக்கு துறுதுறுக்கும்.

இந்த வியாதி ஒரு முறை என் மாமியாரையே சாய்த்துவிட்டது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். தச்சநல்லூரில் வீடு, இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலை, பைக்கில் ஊர் ஊராகச் சுற்றல். அத்தை ஆழ்வார்குறிச்சியில் தனியாக இருந்தார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அடிக்கடி தலை சுற்றுகிறது என்று மகளிடம் போனில் சொல்லியிருக்கிறார். என் மனைவி கோமதிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை டியூட்டி. "நீங்க கூட்டிட்டுப் போங்க. ஆனா அங்கன போய் நீங்க பேசாதீக, அம்மா பேசட்டும்" என்றாள். (என் மேல் அவளுக்கு அப்போதே அவ்வளவு நம்பிக்கை.)

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அத்தை என் முன்னால் பேசமாட்டார். அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. மாப்பிள்ளை எதிரே உட்காரக்கூட மாட்டார். காப்பி வேண்டுமா என்று என்னிடம் கேட்பதற்கே கதவுக்குப் பின்னால் நின்று கோமதியிடம் கேட்பார். டாக்டரைப் பார்க்க அம்பாசமுத்திரத்துக்கு ஆட்டோவில் போனபோதும் பின் சீட்டு முழுக்க அவருக்கு. நான் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே தொங்கப்போட்டபடி போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

"என்னம்மா செய்யுது?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

"தலை சுத்துது டாக்டர்" என்றேன்.

"எப்பல்லாம் சுத்துது?"

"எப்பவுமே!"

"நேரத்துக்குச் சாப்பிடுதாகளா?"

மாமியார் பட்டினி கிடக்கிறார் என்று எந்த மருமகனாவது ஊரான் முன்னால் சொல்வானா? "மூணு வேளையும் திருப்தியா சாப்பிடுவாக டாக்டர்! அவுக வீட்டுச் சொதியைச் சாப்பிட்டா நீங்களே எழுந்திரிக்க மாட்டீக" என்று விருந்துபசாரத்துக்குப் போய்விட்டேன். பாலிசி பாரத்தில் எழுதுகிற மாதிரி மற்ற எல்லாக் கேள்விக்கும் 'இல்லை, இல்லை' என்று அடித்துவிட்டேன். அத்தை ஒரு முறை வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கையோடு கொண்டுபோயிருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருக்கவே, டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். பத்தே நிமிஷத்தில் காரியம் முடிந்தது. கோமதிக்குப் போன் போட்டுப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தை அடுக்களையில் மயங்கி விழுந்தார்.

நல்லவேளை, பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து, கண் விழித்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, அவரே கிளினிக்குக்கும் கூட்டிப்போய்விட்டார். நானும் கோமதியும் போய்ச் சேர்ந்தபோது அத்தை வெளிறிப்போய்ப் படுத்திருந்தார். டாக்டரம்மா உள்ளே வந்ததும் பழக்கதோஷம், "டாக்டர், இவுகளுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு சாத்தப்பட்டது. அத்தை பேசினார், பேசினார், அரை மணி நேரம் பேசினார். அவருக்கு அவ்வளவு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நடுவில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

வெளியே வந்த டாக்டரம்மா சொன்னார்: "வெள்ளிக்கிழமைதோறும் விரதமாம். விளக்கு வைக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணிதான். ஆனா மாத்திரையை மட்டும் தவறாம வெறும் வயித்துல போட்டிருக்காக. நான் வேற அதைக் கூட்டிக் கொடுத்திருக்கேன், சர்க்கரை ஒரேயடியா இறங்கிப்போச்சு. நானும் அவுக முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கணும், தப்புதான்."

"எதுக்கு இந்த விரதம்?" என்றேன் எரிச்சலாக.

"அவுக மாப்பிள்ளை பைக்குல ஊர் ஊரா அலையுதாராம். அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதாம்."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தில் அழுகை வந்தது.

மாத்திரையின் அளவு குறைந்தது. விரதமும் ஒரு வேளைப் பலகாரத்தோடு என்று சுருங்கியது. டாக்டரம்மா சொல்வதையெல்லாம் அத்தை அவரிடமே ஒரு முறை திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு. தலைசுற்றல் போன இடம் தெரியவில்லை. அத்தையின் மருந்துக் குறிப்பு நோட்டின் முதல் பக்கத்தில் டாக்டரம்மா சிவப்பு மையில் 'மருமகன் வெளியே' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதைக் கோமதி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் காட்டிவிட்டாள். இன்றுவரை எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தால் யாராவது "மருமகன் வெளியே" என்பார்கள்.

போன மாதம் எனக்கே ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது. அதே டாக்டரம்மா. அத்தையும் துணைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். (ஆமாம், இப்போது என் முன்னால் உட்காருகிறார்.)

"தினமும் நடக்கீங்களா சார்?"

"ஒரு மணி நேரம் டாக்டர்!"

"எங்க நடக்காக?" என்றார் அத்தை. "வண்டிச் சாவியைத் தேடி வீட்டுக்குள்ள நடக்குததுதான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. உங்க உடம்பைப் பத்தி நாங்க பேசிக்கிடுதோம்."