அரைநாள் காளான் நிபுணர்

பயிற்சி வகுப்பென்றால் முன்வரிசைக் கதிரையில் இருப்பார், மதியச் சாப்பாட்டுப் பொதி கைக்கு வந்ததும் வெளியேற வாசல் படலையைத் தேடுவார், பின்னேரமே ஊருக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார். இந்த இனத்துக்கு அரைநாள் நிபுணர் என்று பெயர். வன்னியில் பயிற்சிகளுக்குக் குறைவில்லை. ஆகவே இந்த இனத்துக்கும் அழிவில்லை.

முரசுமோட்டையில் இதன் தலைசிறந்த பிரதிநிதி தில்லைநாதன். தேனீயில் அரைநாள், கோழியில் அரைநாள், சிப்பிக் காளானில் அரைநாள். வயல் வைக்கலை அவித்து, பையில் அடைத்து, காளான் விதை தூவி, இருட்டுக் கொட்டிலில் தொங்கவிட வேண்டும் என்பதுவரை கேட்டார். அதற்குள் சோற்று மணம் வந்துவிட்டது. மிச்சத்தைத் தன் மூளையால் நிரப்பிக்கொண்டார்.

பக்கத்து வளவில் நேசமலர் காளான் கொட்டில் போட்டிருந்தார். கோயில் கொடியேறினால் ஊரே மீன், இறைச்சி ஆக்கும் மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் காளானுக்கு அடிபடும். அந்தத் திருவிழாவை நம்பித்தான் இருந்த ஒரே பசுவையும் விற்றுக் கொட்டிலில் போட்டிருந்தார்.

பைகளில் வெள்ளை படர்ந்த நேரம் பார்த்துத் தில்லைநாதன் தலையை நுழைத்தார். அவருக்கு நெஞ்சு பதறியது. பதற்றத்திலும் ஒரு சுகம்; இனித் தன்னால்தானே இது பிழைக்க வேண்டும்!

“என்ன பிள்ளை, எல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு?”

“காளான் உதிலயிருந்துதான் வரும் எண்டு விதை தந்தவை சொன்னவை, அண்ணை.”

“பயிற்சிக்குப் போனது நானோ, நீரோ? மஞ்சள் கரைச்சு ஊத்தினால் உவ்வளவும் செத்துப்போம்.”

நேசமலர் தயங்கினார். ஒரு நிபுணருக்கு இதைவிட அவமானம் உண்டா? தில்லைநாதனே வீட்டுக்கு ஓடி, வாளி நிறைய மஞ்சள் கரைத்து வந்து, பைகளைத் தன் கையாலேயே கீறி ஊற்றினார்.

சொன்னபடியே உவ்வளவும் செத்தது. அந்தப் பூஞ்சணம்தான் காளானின் உடம்பு என்ற பாடம் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது.

கொடியேறிய அன்று நேசமலர் அழுதழுது அழுகல் பைகளைக் குழியில் கொட்டினார். நினைக்க வயிறு எரிகிறது. தில்லைநாதன் வருந்தவில்லையா? வருந்தினார்.

“கடை மஞ்சளில கலப்படம், பிள்ளை. வீட்டில இடிச்சதெண்டால் தப்பியிருக்கும்.”

சிரிக்கிறீர்களா? இனிக் காளான் வளர்க்கும் யாரையாவது கண்டால், “மஞ்சள் படக்கூடாது, தெரியுமோ?” என்று சொல்ல உங்கள் நாக்குத் துறுதுறுக்கிறது. காளானைப் பற்றி நீங்கள் படித்தது இந்த ஒரு பக்கம்தான். தில்லைநாதனாவது அரைநாள் இருந்தார்.